சைக்கிள் சுற்றிய கடல்

வாழ்நாளெல்லாம் ரேடியோவின் இரைச்சலைப் போக்குவதையே தொழிலாக வைத்திருக்கும் மனிதரிடம் போய், நன்றாக இரைகிற டிரான்சிஸ்டர் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்? பதுளை பஜாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் நெற்றியில் புறங்கையை வைத்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. அவர் கடையில் கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகையையே விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

சின்தசைசர் என்ற இசைக்கருவியைப் பாகம் பாகமாகச் செய்வது பற்றி அதில் போட்டிருந்தார்கள். முழுக் கருவியும் செய்ய நமக்கு வக்கேது? எழுபதுகளில் புதுச் சாமான் கண்ணில் படுவதே அபூர்வம். செத்த ரேடியோவைப் பிரித்துத்தான் இன்னொரு ரேடியோவுக்கு உயிர் கொடுப்போம். எனக்கு வேண்டியது அதில் ஒரு பாகம் மட்டும்: வெறும் இரைச்சலை உண்டாக்கும் சர்க்கிட். தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, நாடகம். புயலில் அகப்பட்ட படகுதான் கதை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மோட்டார் பார்க்கிறவன் என்பதால் கடல் சத்தத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அந்தக் கடல்தான் பிரச்சினை. தோட்டத்துச் சனத்தைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அக்கா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வந்துவிட்டது. நத்தார் முடிந்ததும் பயணம். மச்சானும் பிள்ளையும் தயார். அக்கா மட்டும் தலைமன்னாரில் கப்பல் ஏறவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடல் ஓயாமல் உறுமும், போனவர்களை விடாது என்று கொழுந்து பறிக்கும் மலையில் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் போங்கள், நான் தம்பியோடு இருக்கிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து மச்சான் பேச்சையே விட்டுவிட்டார். அவள் இருந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சந்தோஷப்படுவது?

நானா கடைசியில் குப்பைப் பெட்டியைக் கொட்டினார். இரைகிறது என்று ரேடியோக்களிலிருந்து கழற்றி எறிந்த, மூன்று கால் வைத்த சின்னச் சின்ன டிரான்சிஸ்டர்கள். ஒரு காலைச் சும்மா விட்டு, மற்ற இரண்டையும் தலைகீழாக லொறி பேட்டரிக்குக் கொடுத்தால் உள்ளே மின்சாரம் கன்னாபின்னாவென்று தாவும். அந்தத் தாவலைப் பெருக்கினால் இரைச்சல். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். எதற்கும் உதவாது என்று அவர் திட்டிய ஒன்றுதான் அருமையாக இரைந்தது.

கோயில் ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினேன். அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"இது கடலா? கொழுந்து வாட்டுற காத்தாடி மாதிரில்ல இருக்கு. நாடகத்துல இதப் போட்டு மானத்தக் கப்பல் ஏத்திறாத."

"மானம் கெடக்கட்டும், நீ மொதல்ல கப்பல் ஏறு" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அக்கா அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

மறுநாள் அந்த இரைச்சல் சர்க்கிட் பெட்டியோடு நானாவிடம் போனேன். அவர் கிழக்குக் கரையில் பிறந்தவர். கண்ணை மூடிக் கேட்டார்.

"இரைச்சல் சரி தம்பி. ஆனா கடல் இப்பிடி ஒரே மட்டமா இரையாது. வரும், போகும்."

குமிழைத் திருகிக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். யாரோ ரேடியோவைத் திருகுகிற மாதிரியே இருந்தது. பத்திரிகையில் வேறு வழி இருந்தது: வோல்டேஜ் ஏறினால் சத்தம் ஏறும், இறங்கினால் சத்தமும் இறங்கும். அப்படி ஏறி இறங்குகிற வோல்டேஜுக்கு நான் எங்கே போவேன்? கடை வாசலில் நானாவின் சைக்கிள் நின்றது, டைனமோவோடு. அடுத்து என் தலையைக் கேட்பாயா என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். டைனமோ மின்சாரம் ஒரு டயோட் வழியாக, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பெரிய கண்டென்சருக்குப் போனது. பெடலைக் கையால் சுற்றச் சுற்ற கண்டென்சர் நிரம்பும், இரைச்சல் எழும்பும். கையை விட்டால் அது மெல்ல வடியும், இரைச்சலும் கூடவே வடியும். லயத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. என் வேலையைப் பார்க்க வந்திருந்த நானா, "இதான் தம்பி, இதான்" என்றார். ஊரை விட்டு வந்து எத்தனை வருஷமோ.

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். திடீரென்று வந்து என்னைத் தள்ளிவிட்டுப் பெடலைப் பிடித்தாள். பேய் பிடித்தவள் மாதிரி சுற்றினாள். ஸ்பீக்கர் கிழிந்துவிடும்போல உறுமியது, கோழிகள் சிதறி ஓடின. அவள் முகம் வெளிறிப்போனது, ஆனாலும் சுற்றினாள். பிறகு கையை எடுத்தாள். உறுமல் இறங்கியது, இறங்கி இறங்கி இல்லாமல் போனது. மறுபடி சுற்றினாள், மறுபடி விட்டாள்.

"போயிருதுல்ல?" என்றாள் நானாவைப் பார்த்து.

"எவ்வளவு பெரிசா வந்தாலும் போயிரும் புள்ள."

அன்று சாயங்காலமே மச்சான் பெட்டி கட்ட ஆரம்பித்தார். நாடகத்தில் அக்காதான் பெடல் சுற்றினாள். புயல் அடங்கியபோது சனம் கைதட்டியது படகுக்காரர்களுக்கு அல்ல, அவளுக்கு.

பதுளையிலிருந்து வந்த கோச்சி தெமோதரையில் நின்றபோது ஸ்டேசன் முழுக்க ஒப்பாரி. நானும் வெட்கமில்லாமல் அழுதேன். கடலை நானே செய்து அக்காவை நானே அனுப்புகிறேனே, என்னை மாதிரி மடையன் உண்டா என்று ஆத்திரம் பொங்கியது. கோச்சி நகர்ந்தது. அக்கா யன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். டாட்டா காட்டவில்லை. பெடல் சுற்றுகிற மாதிரி வேகமாகச் சுற்றினாள். பிறகு மெதுவாக. பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.