சனிக்கிழமை வெங்காயம்

போன சனிக்கிழமை என் மனைவி திருப்பதி பஜாரிலிருந்து வெங்காயம் நறுக்கும் டப்பா ஒன்றை வாங்கி வந்தாள். மூடியில் ஒரு கயிறு. அதை இழுத்தால் உள்ளே கத்தி சுழலும். இழுத்துப் பார்த்தேன். அடியில் இருந்தது கூழாகிவிட்டது. மேலே இருந்த துண்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நடுவில் கொஞ்சம் மட்டும் வெங்காயம் போலத் தெரிந்தது. பிறகு மூடி, கத்தி, டப்பா என்று தனித்தனியாகக் கழற்றிக் கழுவினேன். விளம்பரத்தில் வரும் பெண் ஏன் அதைக் கழுவுவதே இல்லை என்று புரிந்தது.

"சத்தமே வர்ல, பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

சத்தம் என்றதும் என் நினைவில் முனிரத்தினம் வந்துவிட்டான்.

கல்யாணத்துக்கு முன்பு நான் ஒரு பத்திரிகையின் திருப்பதி அலுவலகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். என் அறைத்தோழன் முனிரத்தினம் பிச்சாட்டூர்க்காரன். மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை. கல்யாணமாகாதவர்களுக்கு யாரும் வீடு தராத ஊரில், ஒரு ஓனரம்மா தன் வீட்டின் கீழறையைத் தந்தார். ஒரே நிபந்தனை: சனிக்கிழமை பெருமாள் நாள், அன்று வீட்டுக்குள் வெங்காயம் கூடாது. முனிரத்தினத்தால் அந்த அறையை இழக்க முடியாது. கண் வைத்தியத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் அவன் அப்பா, அவன் வாயில் நைனா, அங்கேதான் தங்குவார்.

நாங்கள் நிபந்தனையை மதித்தோம், கதவைச் சாத்திக்கொண்டு. தயிர்ச் சோற்றுக்குப் பச்சை வெங்காயம். கத்தியால் மெதுவாக நறுக்கினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. எண்ணெயில் போட்டால்தானே ஊரைக் கூட்டும்?

அந்த நிம்மதி முனிரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. பொருட்காட்சியில் வெங்காயம் நறுக்க ஒரு கருவி வாங்கினான். அதன் தலையில் உள்ளங்கையால் குத்தினால் கீழே வளைந்த தகடு இறங்கும். விற்றவன் குத்தியபோது வெங்காயம் பூவாக உதிர்ந்தது. இவன் குத்தியபோது தகட்டின் மடிப்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தோம்.

"கத்தியே போதும்டா."

"நீ பேப்பர்ல தப்பு தேடறவன். மிஷின் அரும உனக்கு இன்னா தெரியும்?"

அந்த மேதை சனிக்கிழமையும் குத்தினான். மேலேயிருந்து ஓனரம்மாவின் குரல்: "இன்னாப்பா அது, சனிவாரம் அதுவுமா டக்கு டக்குன்னு?"

"வேர்க்கல்ல தட்டிக்கினு கீறோம்மா."

"மஞ்சிதேப்பா, நல்லதாப் போச்சு. ஒரு பிடி குடு, சட்னிக்கி ஆவும்."

கிண்ணத்தோடு இறங்கியே வந்துவிட்டார். அறையில் கடலை என்று ஒன்றும் இல்லை. முனிரத்தினத்தின் லுங்கியில் ஒட்டியிருந்ததை அவர் தொடாமல் விரல் நீட்டிக் காட்டினார்.

"உங்க ஊருல கல்லைக்கு இம்மாம் பெரிய தோலா?"

அவன் லுங்கியை உதறினான்.

"மாசம் முடிஞ்சதும் காலி பண்ணிடுங்க."

"நைனா ஆஸ்பத்திரிக்கு வருவாரும்மா..."

"வரட்டும். மேல எங்க ஹால்ல படுக்கட்டும். அவரா டக்கு டக்குன்னாரு? நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க."

அப்படியே நடந்தது. நாங்கள் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஓர் இருட்டறையில் கிடந்தோம். நைனா ஓனரம்மா வீட்டில் சாம்பார் சோறு தின்றுவிட்டு எங்களைப் பார்க்க வருவார்.

"எங்களுக்காக ஒரு வார்த்த சொல்லேன் நைனா."

"நான் எதுக்கு சொல்லணும்? மிஷின நானா வாங்கனேன்?"

கருவி துருப்பிடித்தது. ஓனரம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் நிற்கிறது.

இன்றைய டப்பா சத்தம் போடாதாம். யாருக்குக் கேட்கக் கூடாதென்று? எங்கள் அடுக்ககத்தில் மேல் வீட்டில் இருப்பது யாரென்று எனக்குத் தெரியாது. டப்பா வந்த அன்றும் சனிக்கிழமைதான், கதவு விரியத் திறந்திருந்தது, வெங்காயம் எண்ணெயிலேயே வதங்கியது. யாரும் கிண்ணத்தோடு இறங்கி வரவில்லை.