கொம்பு முளைக்காத நண்டு

இன்று காலை அரூர்ச் சந்தையில் கருவாட்டுக் கடையைத் தாண்டினேன். வலக்கை நமநமத்தது. வாசனை ஏறுவது மூக்கில், கை ஏன் நமநமக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். விலங்கியல் என்றதும் அப்பா ஊரெல்லாம் மாட்டு டாக்டர் என்று சொல்லிவிட்டார். சினை பார்க்கக் கூப்பிட்டார்கள். நானும் ஒன்றிரண்டு வயிறுகளைத் தடவிப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். நானும் சித்தேரி மலையிலிருந்து வந்த மாதேஷும் அன்றுதான் கடலைப் பார்த்தோம். திறந்த வாயை மூடுவதற்குள் எங்கள் விலங்கியல் மேடம் வேலை கொடுத்தார். இருவர் இருவராக ஒரு மணல் நண்டைப் பிடித்து, அது எந்த இனம் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிற ஜோடி, விடுமுறை முழுக்க அவருடைய நண்டு ஆய்வுக்கு உதவியாகக் கடற்கரையிலேயே தங்கலாம். அது கிடைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் போலிருந்தது எனக்கு. கிடைக்காவிட்டால் பாலக்கோட்டில் கூலிக்குத் தக்காளி பறிப்பு.

நண்டு வளை நமக்குப் புதிதா என்ன? வயல் வரப்பில் பிடித்த பழக்கத்தில் தோள்வரை கையை விட்டுக் குப்புறக் கிடந்தேன். வளை சரிந்து வலக்கை மாட்டிக்கொண்டது; மூக்கிலோ பக்கத்தில் காயப்போட்டிருந்த கருவாட்டு வாசனை. நண்டோ இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்து, கண்ணை நட்டுக்கொண்டு நின்றது.

"அசையாதடா, உன்னயத்தான் வேடிக்க பாக்குது," என்ற மாதேஷ் துண்டை வீசி அமுக்கினான்.

கண்ணுக்கு மேல் கொம்பு நீண்டிருந்தால் ஓர் இனம். கொம்பே வராதது வேறு இனம். எங்கள் நண்டுக்குக் கொம்பில்லை. சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான் என்றார்கள் எல்லோரும். எனக்கு மட்டும் அதன் பெரிய கொடுக்கின் உட்புறம் உறுத்தியது. அரம் போலச் சொரசொரப்பாக ஒரு வரி. அதை உரசித்தான் நண்டு சத்தம் எழுப்பும். கொம்பு வராத இனத்துக்கு அந்த வரியே கிடையாது. ஆக, இது முதல் இனம்தான், இன்னும் கொம்பு முளைக்காத குட்டி என்றேன். தக்காளியைக் காட்டினால் பேர் சொல்லுவான், நண்டைப் பற்றி இவனுக்கென்ன தெரியும் என்றான் பின்னாலிருந்து ஒருவன். மாதேஷே என் காலை மிதித்தான்.

மேடம் லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"குட்டிதான்ப்பா. ரெண்டு பேரும் பெட்டியக் கட்டிக்குங்க."

அந்த விடுமுறையில் நண்டுகளைத் துரத்தித் துரத்தி முழங்காலெல்லாம் தேய்ந்தது. தினமும் மீன் குழம்பு. அப்பா ஊரில் நண்டு டாக்டர் என்று மாற்றிச் சொன்னார்.

போன மாதம் என் மனைவியை அந்தக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். அலைக்குத் தடுப்பாகக் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். நான் விடவில்லை. இங்கிருந்து அந்தப் படகு வரைக்கும் நண்டு வளையாகவே இருக்கும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். அவள் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மணலே இல்லீங்களே. எதத் தோண்டும்?"