மிலுன்காவும் உலகத்திலேயே மட்டமான நிகழ்ச்சியும்

மிலுன்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் தொலைக்காட்சியில் ஓடிய தொடரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு ஊசிகள். பக்கத்தில் அவளுடைய ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பித் தந்துகொண்டிருந்த இயந்திரம். கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"இவளுக்கு நாலாவது தடவையா கண்ணு போகுது, பாருங்க. நாலு தடவை! ஒரு மனுஷிக்கு இருக்கறதே ரெண்டு கண்ணு."

தென் செர்பியாவில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டு அது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை எங்கள் முறை. நான் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அடுத்த கட்டிலில் மிலுன்கா. ஸாயெச்சாரில் ஒரு காலுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் உழைத்துவிட்டு, கணவன் செத்த பிறகு எங்கள் ஊருக்குக் குடிவந்தவள். எதிர்க் கட்டிலில் திஹோமிர். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். சுவரில் யாருக்கும் எட்டாத உயரத்தில் டிவி. ரிமோட், நர்ஸ் யாகோதாவின் கோட்டுப் பைக்குள். அவளுக்குப் பிடித்த ஒரே சேனல்தான் எப்போதும். ஆளைக் கட்டிப்போட்டு நாலு மணி நேரம் பார்க்க வைத்தால்தான் இந்தத் தொலைக்காட்சி எத்தனை கேவலமான சரக்கு என்று முழுசாகப் புரியும்.

விவாதத்தை ஆரம்பித்தது நான்தான். உலகத்திலேயே மட்டமான நிகழ்ச்சி எது? ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்ல வேண்டும், காரணத்தோடு.

நான் அந்த வீட்டு நிகழ்ச்சியைச் சொன்னேன். இருபது வேலைவெட்டி இல்லாதவர்களைப் பதினொரு மாதம் ஒரு வீட்டில் பூட்டிவைத்தார்கள். ஒருத்தி இன்னொருத்தி மேல் கொதிக்கிற பீன்ஸ் சட்டியை வீசினாள். மறுநாள் மூன்று அறிஞர்கள் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, பீன்ஸ் யார் பக்கம் நியாயமாக விழுந்தது என்று ஆராய்ந்தார்கள்.

திஹோமிர் ஜோசியக்காரியைச் சொன்னார். "என் தங்கச்சி போன் பண்ணினா. தண்ணியத் தாண்டிப் போவேன்னு சொன்னா அந்தப் பொம்பள. மறுநாள் வீட்டுல பைப் வெடிச்சுது. தாண்டித்தான் போனா, சமையல்கட்டுக்கு."

மிலுன்கா இரண்டையும் தள்ளிவிட்டாள்.

"இதெல்லாம் முட்டாள்தனம். முட்டாள்தனம் வேற, மட்டம் வேற. மட்டம்னா 'கதவு திறந்திருக்கு'தான்."

எங்கள் இருவருக்கும் அது ஞாபகம் இருந்தது. பத்தொன்பது, இருபது வருஷத்துக்கு முன்னால் சனிக்கிழமைதோறும் வந்த நிகழ்ச்சி. பிரிந்துபோன உறவுகளை அரங்கத்துக்கு வரவழைப்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் சிவப்புக் கதவைத் திறப்பான். தப்பு செய்தவர் பூவோடு வெளியே வருவார். மற்றவர் மன்னிப்பார். நாடே மூக்கைச் சிந்தும்.

திஹோமிருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதையா சொல்றே? என் பொண்டாட்டி ஒரு வாரம்கூட விடாம பார்த்தா. மனுஷங்களைச் சேர்த்துவெச்ச நிகழ்ச்சிம்மா அது!"

"கசாப்புக் கடைக்காரனும்தான் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து சாஸேஜ் பண்றான்," என்றாள் மிலுன்கா.

இரண்டு வாரம் இப்படியே போனது. திஹோமிர் விட்டுக்கொடுக்கவில்லை. மிலுன்காவும் காரணம் சொல்லவில்லை. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, சேனல்காரர்களுக்குப் புதிதாகக் குப்பை தயாரிக்கவும் சோம்பல் வந்து, பழைய குப்பையையே 'பொக்கிஷம்' என்று பெயர் வைத்துப் போட ஆரம்பித்தார்கள். எட்டரை மணிக்குச் சிவப்புக் கதவு திரையில் வந்தது. அதன் முன்னால் நீலக் கம்பளிச் சட்டையில் ஒரு பெண், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

"வாத்தியாரே," என்றார் திஹோமிர் மெதுவாக, "அந்தப் பொண்ணு நம்ம..."

"பொண்ணு என்ன பொண்ணு. நான்தான் அது," என்றாள் மிலுன்கா.

யாகோதா பதறிப்போய்ப் பைக்குள் கைவிட்டாள்.

"அணைக்காதே யாகோதா. கைய எடு. பார்க்கட்டும். இவ்வளவு நாள் சண்டை போட்டாரே, பார்க்கட்டும்."

நாங்கள் பார்த்தோம். ஒவ்வொரு காட்சிக்கும் அவளே விளக்கம் சொன்னாள், ஏதோ வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல.

"எனக்கு வாஷிங் மெஷின் பரிசு விழுந்திருக்குன்னு சொல்லித்தான் பெல்கிரேடுக்குக் கூப்பிட்டாங்க. அந்தப் பைக்குள்ள அளவு எழுதின சீட்டு இருக்கு. குளியலறை மூலையில பொருந்துமான்னு அளந்துட்டுப் போனேன், பைத்தியக்காரி."

கதவு திறந்தது. கையில் சிவப்புக் கார்னேஷன் பூ, கூடவே ஒரு சூட்கேஸ். அவள் புருஷன் பிளகோயே. விதைக்கடைக்காரி ஒருத்தியோடு மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவன். முட்டி போட்டான். "சூட்கேஸைப் பாருங்க. நான் என்ன சொல்வேன்னு அவனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு."

வெள்ளைக் கோட்டுக்காரன் மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினான். கதவு திறந்திருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? திரையில் இருந்த மிலுன்கா எதுவும் சொல்லவில்லை. கூட்டம் தாளம்போலக் கைதட்ட ஆரம்பித்தது.

"இதுக்கெல்லாம் ஒருத்தன் கேமராவுக்குப் பின்னாடி நின்னு ஜாடை காட்டினான். கைய இப்படித் தூக்குவான், தட்டுவாங்க. நான் அவனையே பார்த்துட்டிருந்தேன். நான் வாயைத் திறக்கிறவரைக்கும் அவன் கைய இறக்கல."

திரையில் அவள் தலையசைத்தாள். "மன்னிச்சுட்டேன்" என்றாள். வயலின்கள் அழுதன. கூட்டமும் அழுதது.

"அப்புறம்?" என்று நான் கேட்டேன்.

"அப்புறம் என்ன. கொஞ்ச மாசத்துலயே மறுபடி விதைக்கடைக்குப் போக ஆரம்பிச்சான். இந்தத் தடவை படுக்க மட்டும் வீட்டுக்கு வந்தான், அதான் வித்தியாசம். வெளிய தள்ள முடியுமா? ரொட்டிக்கடை வரிசையில என்னைப் பார்த்தா முன்னாடி விடுவாங்க. புனிதவதியாம் நான். பாதிரியார் கூட பிரசங்கத்துல என் பேரைச் சொன்னார். பதினொரு வருஷம் வாத்தியாரே. கடைசி மூணு வருஷம் வாதம் வந்து படுத்துட்டான். நான்தான் தூக்கி உட்கார வெச்சு ஊட்டினேன்."

"வாஷிங் மெஷின்?"

"வரவே இல்ல. அவன் துணியெல்லாம் கையாலதான் துவைச்சேன்."

திஹோமிர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பத்து மணி வாக்கில் அந்தப் பக்கமிருந்தே சொன்னார்: "என் ஓட்டை மாத்திக்கறேன்."

சேனல்காரர்கள் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பழைய நிகழ்ச்சியை நிறையப் பேர் பார்த்துவிட்டார்களாம். எங்கிருந்தோ மிலுன்காவின் எண்ணைப் பிடித்து ஒருத்தி தேன் ஒழுகப் பேசினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பு ஞாயிறு, ஊரே ஒருவரையொருவர் மன்னிக்கும் நாள். திங்களன்று ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு ஆரம்பம். அன்று காலை நிகழ்ச்சியில் போனில் இரண்டு நிமிடம் பேச வேண்டும், நேரடி ஒளிபரப்பு. மிலுன்கா யோசிக்காமல் சரி என்றாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவளுக்கும் டிவி ஆசை விட்டபாடில்லையா என்று கொஞ்சம் இளக்காரமாகக்கூட நினைத்தேன்.

திங்கள் காலை ஒன்பதே கால். இரைச்சல் வரக் கூடாது என்று யாகோதா டிவி சத்தத்தை அணைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மிலுன்காவின் மார்பின் மேல் வைத்தாள். திரையில் சோபா, இரண்டு காபிக் கோப்பை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் தொகுப்பாளினி.

"மிலுன்கா அம்மா! நாடே உங்களை மறக்கல. நேத்துதான் நாம எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சோம். மன்னிப்போட பலத்தைப் பத்தி நேயர்களுக்கு ரெண்டே ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

"ரெண்டு வார்த்தைதானே? நான் மன்னிக்கல."

தொகுப்பாளினி சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்திருப்பாள்.

"சிரிக்காதேம்மா. அன்னிக்கு நான் சொன்னது பொய். பொய் சொல்லி கூட்டிட்டு வந்தீங்க, பொய்யைச் சொல்லிட்டுப் போனேன். இப்போ அதைத் திரும்ப வாங்கிக்கறேன். பிளகோயே செத்துட்டான், அவனுக்குக் கேட்கப் போறதில்ல. உங்களுக்குக் கேட்கணும். கைதட்டினாங்களே, அவங்களுக்கும் கேட்கணும்."

"ஒரு சின்ன இடைவேளை," என்றாள் தொகுப்பாளினி. போன் துண்டிக்கப்பட்டது. திரையில் ஒரு குடும்பம் தரைக்கு மெழுகு தேய்த்துச் சிரித்தது.

மிலுன்காவின் முகம் வெளுத்தது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. யாகோதா ஓடிவந்து கால்களைத் தூக்கி வைத்து, இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தாள். இது தொலைக்காட்சியாக இருந்தால் இந்த இடத்தில் அவளை அழ வைத்திருப்பார்கள். அவள் அழவில்லை. பதினொரு வருஷமும் அதன் மேல் இன்னொரு எட்டு வருஷமும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கினால் லேசாக இருக்கும் என்று நினைத்தாளாம். "லேசாவும் இல்ல, ஒண்ணும் இல்ல வாத்தியாரே. களைப்பா இருக்கு," என்றாள்.

மூன்று வாரம் கழித்து, பிரோட்டிலிருந்து ஸ்தானா என்று ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு ஜாடி மிளகாய்ச் சட்னி. காலை ஏழிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். யாகோதா பாவப்பட்டு உள்ளே விட்டாள்.

"மன்னிப்பைத் திரும்ப வாங்கின அம்மா நீங்கதானே? நானும் அந்த நிகழ்ச்சியில மன்னிச்சேன். எனக்கும் திரும்ப வாங்கணும். எப்படின்னு தெரியல."

"என்கிட்ட ஏன் வந்தே? நான் என்ன மன்னிப்பு ஆபீஸா?" என்று சீறினாள் மிலுன்கா. பிறகு, "யாரை மன்னிச்சே?" என்றாள்.

"மாமியாரை. நான் ரெண்டு வருஷம் ஜெர்மனியில வேலைக்குப் போயிருந்தப்போ, என் பையன்கிட்ட உன் அம்மா செத்துட்டான்னு சொல்லி வளர்த்தாங்க. திரும்பி வந்தப்போ பையன் என்னைப் பார்த்து ஓடி ஒளிஞ்சுக்கிட்டான். டிவியில கட்டிப்பிடிக்கச் சொன்னாங்க. கட்டிப்பிடிச்சேன்."

மிலுன்கா அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"கிழவி உயிரோட இருக்காளா?"

"எண்பத்தெட்டு வயசு. கீழ்வீட்டுலதான் இருக்காங்க. தினம் நான்தான் சூப் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"அப்போ உனக்கு டிவி எதுக்கு? எனக்குத்தான் ஆள் இல்ல, காத்துல சொன்னேன். உன் ஆள் மாடிப்படிக்குக் கீழ இருக்கா. போய் நேரா சொல்லு, மன்னிக்கலன்னு."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு சூப்பை வெச்சுட்டு வா. பட்டினி போடவா சொன்னேன்?"

ஸ்தானா பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப்போனாள். சிறுநீரகக்காரர்கள் உப்பும் காரமும் தொடக் கூடாது என்பதால் சட்னி ஜாடி யாகோதாவுக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஸ்தானாவிடமிருந்து போன் வந்தது. சொல்லிவிட்டாளாம். கிழவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எனக்கு எப்பவோ தெரியும்டி, உன் சூப்பைக் குடிக்கறவளுக்குத் தெரியாதா?" என்றாளாம். மிலுன்கா சிரித்த சிரிப்பில் இயந்திரம் எச்சரிக்கை மணி அடித்தது.

அந்த வருஷம் இறந்தவர்களுக்கான சனிக்கிழமை வந்தது. ஊரே கோதுமை வேகவைத்து, மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனது. திங்களன்று நான் மிலுன்காவிடம் ஸாயெச்சாருக்கு, பிளகோயேயின் கல்லறைக்குப் போனாயா என்று கேட்டேன். போகவில்லை என்றாள். என்ன செய்தாய் என்று கேட்டேன். பத்து மணி வரைக்கும் தூங்கினாளாம்.