டெல்மர் ரிக்பியின் உதை

கைப்பிடியை இழுக்கும்போது டெல்மர் ரிக்பி மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். கராஜ் மேசையில் முடுக்கிய இரும்பு அச்சு ஒரு முனகலோடு இறங்கி, பித்தளைக் கூட்டின் வாயில் ஈயக்குண்டை உட்கார்த்திவைக்கிறது. தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சட்டையில் துடைத்து, கடைத் தோட்டாவின் பழைய டப்பா ஒன்றில் அடுக்குகிறார். டப்பாவின் மேல் ஒரு கரடி வாயைப் பிளந்து நிற்கிறது. உள்ளே இருப்பது அந்தக் கரடிக்குத் தும்மல் வரவைக்குமா என்பதே சந்தேகம்.

உருளைக்கிழங்குக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரத்தில், ஐடஹோ மாநிலத்திலேயே பெரியது என்று கடைக்காரன் சத்தியம் செய்த மேக்னம் ரிவால்வரை வாங்கினார். முதல் நாள் ஒரு சுற்றுச் சுட்டதில் மணிக்கட்டு பூசணிக்காயாக வீங்கிவிட்டது. குதிரையிலிருந்து விழுந்ததாகத் துப்பாக்கிக் கிளப்பில் சொன்னார். உன்னிடம்தான் குதிரையே கிடையாதே என்றார்கள். இரவல் குதிரை என்றார்.

அன்றிலிருந்து அவர் தோட்டாவை அவரே செய்துகொள்கிறார். அண்டா மாதிரிக் கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை வெடிமருந்து. குண்டு சாதுவாகப் புறப்பட்டு, அட்டையில் போட்ட வட்டத்தின் நடுவில் போய் அமர்கிறது. மணிக்கட்டு நோகிறவர்கள் பலரும் செய்கிற, புத்திசாலித்தனமான காரியம். டெல்மரின் புத்திசாலித்தனம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

மேக்னம் என்றால் சுட்டதும் கையை உதைக்க வேண்டும். துப்பாக்கி உதைக்காததால் அந்த வேலையையும் அவரே பார்க்கிறார். விசையை இழுத்ததும் மணிக்கட்டு காதுவரை எகிறும். தோள் பின்னால் சாயும். இடது கால் அரையடி நகரும். கடைசியாக விரல்களை உதறி மூக்கால் ஒரு ‘ஹூம்’. குளியலறைக் கண்ணாடி முன் பல மாதம் பழகியது. “பல்லு தேய்க்கப் போனியா, கொசு விரட்டப் போனியா?” என்று மனைவி நோலா வெளியிலிருந்து கேட்பாள்.

“இது எல்லாரும் பிடிக்கிற சாமான் இல்லப்பா,” என்று கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். “பிடிச்சா ஆளையே பின்னால தூக்கிப் போட்டுரும்.”

வாண்டா ஸ்டக்கி பக்கத்து மேடையில் சுடுகிறவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் மேக்னத்துக்கு மருந்து குறைத்த மெத்தான தோட்டாதான் செய்கிறார். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் ‘மெத்து’ என்று எழுதியும் வைத்திருக்கிறார். டெல்மருக்கு அதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது.

“என்ன வாண்டா, இன்னைக்கும் தலையணைப் பஞ்சுதானா?”

“ஆமா டெல். எனக்கு நாளைக்கும் கை வேணும்.”

இந்த வருடம் கிளிஃப் அரிசோனாவில் இருக்கும் மகளோடு இருக்கப் போகிறார். இத்தனை காலம் அவர்தான் சுடுகளத் தலைவர். விசிலும் சிவப்பு மேல்சட்டையும் அவரிடம். விசில் ஊதினால் மாவட்டத்திலுள்ள எந்தத் துப்பாக்கியும் வாயை மூட வேண்டும். டெல்மருக்கு அந்தப் பதவியைத் தவிர வாழ்க்கையில் வேறு ஆசை மிச்சமில்லை. போட்டிக்கு வாண்டாவும் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலை சுட்டு முடித்து, அப்பமும் மான்கறித் தொத்திறைச்சியும் சாப்பிட்டபின் கையைத் தூக்கி வாக்கெடுப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் டெல்மர் தோட்டா செய்துகொண்டே தேர்தல் பேச்சுக்கும் ஒத்திகை பார்த்தார். வரிசையாக நிறுத்திய கூடுகளில் கரண்டியால் மருந்து விட்டுக்கொண்டே, “நண்பர்களே, ஒவ்வொரு கூட்டையும் ரெண்டு தடவை எட்டிப் பாக்காதவன்...” என்று கரண்டியை உயர்த்தினார். குரல் நன்றாக எழுந்திருந்தது. கை அடுத்த கூட்டில் மருந்து விடாமல் தாண்டிப்போனது. மருந்து சிட்டிகைதான் என்பதால், விழுந்த கூடும் விழாத கூடும் மேலிருந்து பார்க்க ஒரே இருட்டு. அவர் எட்டிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் மொத்தக் கிளப்பும் பின்னால் நிற்க, டெல்மர் சுட்டார். கை எகிறியது, ஹூம். மறுபடி எகிறியது, ஹூம். மூன்றாவதில் தோட்டாவின் அடியிலிருக்கும் கேப்பு மட்டும் வெடித்து, பொம்மைத் துப்பாக்கி மாதிரி ‘டிக்’ என்றது. காதை மூடியிருந்த டெல்மருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மணிக்கட்டு காதுவரை எகிறியது, தோள் சாய்ந்தது, கால் நகர்ந்தது, ஹூம். கட்டைவிரல் அடுத்த வெடிக்குத் துப்பாக்கியின் சுத்தியலை இழுக்கப் போனது.

“நிறுத்து டெல்! விரலை எடு!” வாண்டாவின் குரல் காதுமூடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை உட்காரவைத்த குரல்.

“என்ன இப்போ?”

“குண்டு எங்க?”

“போயிருச்சு. உதைச்சதைப் பாக்கலையா?”

“உதைச்சது நீ. குண்டு இன்னும் குழல்ல இருக்கு.”

தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, கிளிஃப் குழலுக்குள் ஒரு மரக்குச்சியை விட்டார். குச்சி பாதியில் குண்டில் இடித்து நின்றது. அடுத்ததும் வெடித்திருந்தால் குழலோடு விரல்களும் போயிருக்கும். கிளிஃப் கரடி டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, குண்டைப் பிடுங்கி, மருந்தை உள்ளங்கையில் கொட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

“டெல், இது மருந்தா, மூக்குப்பொடியா?”

டெல்மர் காற்றைப் பற்றி ஏதோ தொடங்கினார். காற்று வீசவில்லை.

“நானும் இவ்வளவுதான் போடறேன்,” என்றார் வாண்டா. “டப்பாவுல கரடி வைக்கல, அவ்வளவுதான்.”

அப்பம் ஆறிப்போய்விட்டது. டெல்மர் தன் பேச்சை மடித்துத் தட்டின் அடியில் செருகினார். நோலா அவருக்குக் காபி ஊற்றினாள்.

சிவப்பு மேல்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளிஃப் எழுந்தார்.

“வாண்டாவுக்கு யாரெல்லாம்?”

மேசை மேசையாகக் கைகள் எழுந்தன. டெல்மர் காபியைப் பார்த்தார், நோலாவைப் பார்த்தார், முழுசாக இருந்த தன் ஐந்து விரல்களைப் பார்த்தார். பிறகு அவர் கையும் எழுந்தது. உச்சிக்குப் போனதும், பழக்கதோஷம், மணிக்கட்டு ஒருமுறை காதுப் பக்கம் எகிறியது.