லீலாவதியின் இரண்டு கோப்புகள்

1987-ல் மலேசியாவின் கோல சிலாங்கூரில் நடராஜா நடத்திய தட்டச்சுக் கடைக்கு ஒரு கணினி வந்து சேர்ந்தது. வாங்கியவருக்கே அதைத் தொடப் பயம். கடையில் வேலை பார்த்த லீலாவதிக்கு அந்தப் பயம் இல்லை. ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்களின் மகள் அவள். கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டைச் சாப்பாட்டு நேரங்களில் படித்து, புரியாத இடங்களைச் செய்து பார்த்தே கற்றுக்கொண்டாள்.

அவள் பிறந்த தோட்டம் அந்த வருடம் விலைபோனது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் காளியண்ணன் மலாய் மொழியில் இருந்த மாதிரிப் படிவத்தோடு கடைக்கு வந்தார்.

"நாலஞ்சு பேர வச்சு டைப் அடிச்சாத்தான் மாசக் கடைசிக்குள்ள முடியும்போல" என்றார்.

"ஆளு வேணாண்ணே. வீட்டு விவரத்த மட்டும் குடுங்க. மத்தத கம்ப்யூட்டர் பாத்துக்கும்லா."

லீலாவதி இரண்டு கோப்புகள் உண்டாக்கினாள். ஒன்றில் படிவம் மட்டும். பெயர் வரவேண்டிய இடத்தில் பெயருக்கான குறி, முகவரிக்கு வேறொரு குறி. மற்றொன்றில் விவரங்கள் மட்டும், குடும்பத்துக்கு ஒரு வரி. இயந்திரம் ஒவ்வொரு வரியாக எடுத்து, குறிகள் இருந்த இடத்தில் நிரப்பி, தனித்தனி விண்ணப்பமாக அச்சிட்டது.

முதல் அச்சை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனாள். பெயர்கள் சரியா என்று வீட்டுக்காரர்களிடமே கேட்டுவிட நினைத்தாள். எண்ணெய்க்கான செம்பனைப் பழம் பொறுக்கும் வேலம்மா, கணவனை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள், தன் தாளை வாசிக்கச் சொன்னாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவளுடைய தம்பி செல்லையாவின் பெயர் இருந்தது.

"அவன் சுங்கை பெசார் நெல்லு மில்லுல கெடக்கான். தீவாளிக்குத்தான் வருவான். குடும்பம் நடத்துறது நானு, வீடு அவனுக்கா?"

கூட வந்திருந்த காளியண்ணன் சங்கடப்பட்டார். "ஃபார்முலயே ‘அனாக் லெலாக்கி’, இன்னாரு மகன்னுதான் இருக்கு. பொம்பள பேரப் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு நான்தான் அப்படி எழுதிக் குடுத்தேன்."

"ஆப்பீசுல கேட்டீங்களாண்ணே?" என்றாள் லீலாவதி.

"கேக்கல."

மறுநாள் காலையில் லீலாவதி மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். வீட்டை நடத்துபவர் யாரோ அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்றார் அதிகாரி. மாதிரியில் ‘மகன்’ என்று இருந்தது வெறும் பழக்கம்தான்; அப்படி விதி எதுவும் இல்லை.

வேலம்மாவின் தாளில் மட்டும் அழித்து எழுதித் தந்திருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். லீலாவதி அப்படிச் செய்யவில்லை. படிவக் கோப்பிலிருந்து ‘மகன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அங்கே ஒரு குறி வைத்தாள். மகனா, மகளா என்பதை இனி அந்தந்தக் குடும்பத்தின் வரி சொல்லும்.

அதற்காக வீடு வீடாக மறுபடியும் போனாள். "இந்த வீட்டுக்கு யாரு பொறுப்பு?" என்று ஒரே கேள்வி. பல பெண்கள் தயங்கித் தயங்கித் தங்கள் பெயரைச் சொன்னார்கள். நாகமணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நல்லசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவ பேரயே போடும்மா. ஆப்பீசுல போய்ப் பேசுறது அவதான்" என்றார்.

எல்லாம் அச்சாகி அடுக்கி வைத்த பிறகு அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: அடையாள அட்டை எண் பெயருக்கு மேலே வரவேண்டும். காளியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தனையும் திரும்ப அடிக்கணுமா?"

"படிவம் ஒண்ணுதாண்ணே. அங்க மாத்துனா எல்லாத்துலயும் மாறிடும். நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அவர் திரும்பி வந்தபோது பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது; எண்கள் மேலே ஏறியிருந்தன.

விண்ணப்பங்கள் எதுவும் திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் கழித்து வேலம்மா தன் பெயரிலேயே சாவி வாங்கினாள். நடராஜா லீலாவதியைத் தொழிலில் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். அக்கம்பக்கத்துத் தோட்ட அலுவலகங்களும் பள்ளிகளும் அவளைத் தேடி வந்தன. யார் மாதிரிப் படிவத்தை நீட்டினாலும் அதை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, "இதுல யாருக்கு எடம் இல்ல?" என்று கேட்ட பிறகுதான் விசைப்பலகையில் கை வைத்தாள்.