பூலோகம் பேசாத பேரம்

ஷாகுல் ஹமீதிடம் அவர் சொன்ன விலைக்கே ஒரு சாமானை வாங்கிப் போனவர் தாராவியில் ஒருத்தரும் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் யாரிடமும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவர் இல்லை. மீன்காரியிடம் பேசுவார், கல்யாண ஹாலில் பேசுவார். பல் பிடுங்கப் போன இடத்தில், "ரெண்டு பல்லுக்கும் சேத்து ஒரு ரேட்டா சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டு, வீங்கின கன்னத்தோடு இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டு வந்த மனுஷன். அவரோடு கடைத்தெருவுக்குப் போவதையே பெண்சாதி ரஷீதா விட்டுவிட்டாள். மானம் போகிறதாம். புருஷன் மிச்சம் பிடித்த காசில் வாங்கின ஃப்ரிட்ஜை மட்டும் மானத்தோடு துடைப்பாள்.

கடையநல்லூரிலிருந்து மீசை அரும்புகிற வயசில் வந்தவர். தோல் மண்டியில் சுமை தூக்கி, தையல் மெஷினில் உட்கார்ந்து, அப்புறம் சொந்தமாக நாலு மெஷின் போட்டு, இப்போது கார்களுக்கு சீட் கவர் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். யாவாரத்தைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு உண்டு. "மொதல்ல சொல்றது வெல இல்ல வே, அது சலாம். நீ பதில் சலாம் சொல்லணும். அதுக்கப்புறந்தான் யாவாரமே ஆரம்பிக்குது" என்பார். ஒரு சீட் கவருக்கு இருபத்திநாலாயிரம் என்று அவர் ஆரம்பித்தால் அது பதினஞ்சு பதினாறில் வந்து நிற்கும். அவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். யாருக்கும் வருத்தம் கிடையாது.

போன வருஷம் மின்சாரக் கார் வாங்கினார். அதற்குக் காரணம் பூலோகம். பூலோகம் வருஷக்கணக்காக டெம்போ ஓட்டினவர். ஷாகுல் பட்டறைக்கு வருகிற தோலும் போகிற சரக்கும் அவர் வண்டியில்தான். மகள் சாயிமா பிறக்கிற அன்றைக்கு ரோடெல்லாம் வெள்ளம், ஒரு டாக்ஸியும் வரவில்லை. ரஷீதாவைத் தோல் கட்டுகளுக்கு நடுவில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் பூலோகம். டெம்போவை விற்று, லோன் போட்டு, அவர் ஒரு மின்சாரக் கார் எடுத்து ஏர்போர்ட் சவாரிக்கு விட்டார். "ஏல சாவுலு, சத்தமே இல்லாம போவுது. பெட்ரோல் பங்குப் பக்கமே தலவச்சுப் படுக்காண்டாம்" என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இவருக்கும் ஆசை வந்தது. அதே கார், அதே பேட்டரி. ஷோரூமில் 'விலை நிர்ணயிக்கப்பட்டது' என்று போர்டு மாட்டியிருந்தான். நம்ம ஆளிடமா? மூன்று சனிக்கிழமை போய் அங்கேயே உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். கடைசியில் மேனேஜர் கும்பிடு போட்டு, இன்ஷூரன்ஸில் குறைத்து, கால் மிதியும் இலவசமாகக் கொடுத்து அனுப்பி வைத்தான்.

அந்தக் காரை வைத்திருக்கிற தமிழ் ஆட்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு குரூப் இருந்தது. நடத்துகிறவர் செம்பூர் அனந்தகிருஷ்ணன், பேங்கில் ரிட்டயர் ஆனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் காரோடு செம்பூருக்கு வாங்கோ, இட்லி என் செலவு என்று கூப்பிட்டார். ஏழெட்டுக் கார் வந்து வரிசையாக நின்றது. எல்லாக் காரிலும் ஷாகுல் தைத்த சீட் கவர். கல்யாண வீட்டில் தன் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கண்ணாடியாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார் மனுஷன்.

இட்லி தீர்வதற்குள் அனந்தகிருஷ்ணன் பேச்சை எடுத்தார்.

"யார் யார் எவ்வளவு குடுத்தேள்னு வெளிப்படையா சொல்லிடுவோமே. கார் என்ன ஆச்சு, மேல் செலவு என்ன ஆச்சு. அடுத்து வாங்கறவாளுக்கு உபகாரமா இருக்கும். நானே ஆரம்பிக்கறேன். ரோட்டுக்கு வரச்சே பதினாலு லட்சத்து எண்பது."

ஷாகுலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடுத்த விலையை நடுத்தெருவில் சொல்வதாவது! அவர் புழங்குகிற உலகத்தில் அது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிற மாதிரி. ஆனால் ஷமீமா என்கிற நர்ஸ் பதினாலு இருபது என்றதும் அவருக்கு நாக்கு அரித்தது. தன் முறை வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதிமூணு அறுபது" என்றார். கூட்டம் 'ஆ' என்றது. "எப்படி பாய்? எங்களையும் கூட்டிண்டு போயிருக்கப்படாதா?" என்று அனந்தகிருஷ்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஷாகுல் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஒரே பெருநாள்தான்.

பேச்சு மேல் செலவுக்குப் போனது. வீட்டில் சார்ஜர் மாட்ட ஒருத்தருக்கு அறுபதாயிரம் ஆகியிருந்தது, சொசைட்டி செக்ரட்டரியோடு போட்ட சண்டை தனி. இன்னொருத்தர் கம்பெனிக்குப் பணம் கட்டிப் பெரிய திரை போட்டிருந்தார். அது வந்ததிலிருந்து பாட்டுதான் சத்தமாகக் கேட்கிறது, வேறு ஒரு மாற்றமும் இல்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

"அடுத்து சீட் கவர்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

ஷாகுலுக்கு அப்போதுதான் உறைத்தது. "அது எதுக்கு சார், எல்லாம் நம்ம சரக்குதான... இட்லி ஆறுது பாருங்க" என்று குறுக்கே விழுந்தார். யார் கேட்டார்கள்.

"எனக்குப் பதினாறு" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"எனக்குப் பதினஞ்சரை. பாய் மொதல்ல இருபத்திநாலுன்னாரு, நான் விடுவனா?" என்று ஷமீமா சிரித்தாள்.

பூலோகம் டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கு இதில் மறைக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. "இருபத்திநாலு" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருக்கிறதில் லோன் கட்டுகிறவர், கையிலே ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிறவர் அவர் ஒருத்தர்தான். அனந்தகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஷாகுலை ஒருமுறை பார்த்தார், அப்புறம் பூலோகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்கு ஏதாவது எக்ஸ்ட்ரா போட்டுக் குடுத்தாரோ?"

"ஆமா சார். தலைக்கு வைக்க மெத்தை, கைக்கு மெத்தை எல்லாம் வச்சு இழைச்சுக் கொடுத்திருக்கான். அதுக்கு அந்த வெல கம்மி" என்றார் பூலோகம். அப்படி ஒரு மெத்தையும் அந்தக் காரில் கிடையாது. அவர் கார் பத்தடி தள்ளித்தான் நின்றது. நல்லவேளை, யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஷாகுலுக்கு அதற்குப் பிறகு இட்லி இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. எப்படி நடந்தது அது? அன்றைக்குப் பட்டறையில் ஒரே கூட்டம். காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ நூலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பூலோகம் எட்டிப் பார்த்து, "ஏல, என் வண்டிக்கு எம்புட்டு?" என்று கேட்டார். வாய் தானாக இருபத்திநாலு என்றது. 'கொள்ளையடிக்கியால' என்று ஒரு சத்தம் வரும், ரெண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம், கூலியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். பூலோகம் "சரி" என்றார். அன்றைக்குச் சாயந்திரமே பணத்தை அனுப்பியும் விட்டார். நாளைக்குச் சொல்லித் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஷாகுல் விட்டார். நாளைக்கு வேறு வேலை வந்தது. அந்தப் பணம் மொத்தமாகத் தோல் வாங்கினதில் போய்விட்டது, அதோடு மறந்தும் போனது. சொல்லப்போனால் முழுசாக மறக்கவும் இல்லை. பூலோகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ ஒரு முள் குத்தும், அதை ஒரு டீ வாங்கிக்கொடுத்து அமுக்கிவிடுவார்.

ரஷீதாவிடம் சொன்னார். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். "உலகத்துல இருக்கறவன்கிட்ட எல்லாம் பேசுங்க. அந்த அண்ணன்கிட்டயா? எம்புள்ளய உசுரோட கொண்டாந்து சேத்த மனுஷன்கிட்டயா?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பூலோகம் ஒருத்தர் இல்லாமல் போனால் இந்த பம்பாயில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஷாகுல் யோசித்துப் பார்த்தார். கஸ்டமர் இருக்கிறார்கள், சரக்குக்காரர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசலில் கைகொடுக்கிற நூறு பேர் இருக்கிறார்கள். ஏல என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது.

மறுநாள் மத்தியானம் ஆட்டோ பிடித்து சயானுக்குப் போனார். பூலோகம் அந்த நேரத்தில் அங்கேதான் சார்ஜ் போடுவார். தாராவிச் சந்தில் வீட்டு வாசலில் கார் நிற்கவே இடம் கிடையாது, இதில் சார்ஜர் எங்கே மாட்ட? சார்ஜ் ஏறுகிற வரைக்கும் சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பார். ஷாகுலைப் பார்த்ததும் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"வால சாவுலு. ஒன் வண்டி என்னாச்சு? சார்ஜ் இல்லியா?"

"இருக்கு. ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன்." ஏறி உட்கார்ந்தவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சீட்டின் தையலையே தடவிக்கொண்டிருந்தார். "ஏம்ல நீ பேரம் பேசல?"

பூலோகம் சிரித்தார். "அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? நீ ஏதோ முடையில இருக்கன்னு நெனச்சேன். சாயிமா காலேஜ் சீட்டுக்கு நீ அலஞ்சிட்டிருந்த நேரம்லா. நேரா கேக்க வெக்கப்பட்டுட்டு, சீட் கவர்ல ஏத்திக் கேக்கான், கேட்டுட்டுப் போறான்னு விட்டுட்டேன். வீட்ல முப்பிடாதிகூட ஏன் இம்புட்டுன்னு கேட்டா. அவன் சும்மா கேக்க மாட்டான், வாய மூடுன்னுட்டேன். அந்த மாசம் ரெண்டு ஏர்போர்ட் சவாரி கூட அடிச்சேன், சரியாப் போச்சு."

ஷாகுல் தையலிலிருந்து கையை எடுத்தார். தப்பிக்கிற வழியை எதிராளியே திறந்து வைத்திருக்கிறார். ஆமா என்று ஒரு வார்த்தை போதும். ஆமாடே, முடைதான், வாயைத் திறந்து கேக்க முடியல என்றால் எல்லாம் முன்னைப் போலவே இருக்கும், இன்னும் நெருக்கமாகக்கூட ஆகிவிடும். பேரம் பேசிப் பேசி வளர்ந்த நாக்குக்கு ஒரு பொய் என்ன பெரிய சுமையா? ஆனால் இந்த மனுஷன் தூக்கத்தை விட்டு ஓட்டின இரண்டு சவாரியின் மேல் இன்னொரு பொய்யைப் போட அவரால் முடியவில்லை.

"முடையெல்லாம் ஒண்ணும் இல்லடே" என்றார். "காலேஜுக்குக் கட்ட எங்கிட்ட இருந்துச்சு. கூட்டத்துல வாய் தானா சொல்லிருச்சு. நீ குறைச்சுக் கேப்பன்னு பாத்தேன், நீ கேக்கல. நானும் திருப்பித் தரல."

பூலோகம் சாய்த்திருந்த சீட்டை நிமிர்த்தினார்.

"அப்பம் அது எல்லாருக்கும் சொல்லுத வெலதான்" என்றார்.

"ஆமா."

"ஓஹோ."

திட்டியிருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை வந்திருந்தால் ஷாகுல் அங்கேயே காலில் விழுந்திருப்பார். அந்த ஓஹோவுக்கு என்ன செய்வது? அவசரமாகப் போனை எடுத்தார். மிச்சப் பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்றார். எனக்கு எதுக்கு, கொடுத்தது கொடுத்ததுதான் என்று பூலோகம் கையைத் தட்டிவிட்டார். ஷாகுல் கெஞ்சினார். "இல்லன்னா ஒரு தடவ எங்கூட பேரம் பேசு. எல்லாரும் பேசுத மாதிரி பேசு. ஒன் வாயால ஒரு ரேட்டு கேட்டேன்னா எம்மனசு ஆறிரும்டே."

பூலோகம் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சீட்டின் ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"தையல் லேசா விடுதே. கேரண்டி உண்டா?"

ஷாகுலுக்கு உசிர் வந்தது. விளையாட்டுக்கு வந்துவிட்டான் என்று நினைத்தார். "ரெண்டு வருஷம்" என்றார்.

"பன்னெண்டு போட்டுக்கோங்க பாய்."

"பன்னெண்டுக்குக் கட்டாது, தோல் வெல என்னன்னு தெரியுமா? பதினாறு" என்று ஷாகுலின் வாய் சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் தான் சொன்னதே அவர் காதில் விழுந்தது.

பூலோகம் தலையை ஆட்டினார். "பதினஞ்சு. முடிச்சுக்குவோம்."

ஷாகுல் போனிலிருந்து ஒன்பதாயிரம் போனது. பூலோகம் போனைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து, "வந்துருச்சு பாய்" என்றார். அதற்குள் சார்ஜ் ஏறி முடிந்திருந்தது. இறங்கி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, அடுத்த சவாரி மாஹிம் பக்கம்தான், போகிற வழியில் விட்டுவிடுகிறேன் என்றார். ஷாகுலும் அதற்குள் கீழே இறங்கி நின்றிருந்தார். பூலோகம் சுற்றி வந்து பின்கதவைத் திறந்து பிடித்தார்.

ஷாகுல் முன்கதவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கார் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. தினம் தினம் டெம்போவைக் கொண்டுவந்து நிறுத்தின வாசல், சாயிமாவைத் தூக்கிக்கொண்டு ஏறின படி, போகிற இடம் பூலோகத்துக்குத் தெரியாததா? பூலோகம் கண்ணாடி வழியாக ஒருமுறை பின்னால் பார்த்தார்.

"எங்க எறங்கணும் பாய்?"

ஷாகுல் ஹமீது விலாசம் சொன்னார்.