பழுப்பு நிறம் வந்த ஞாயிற்றுக்கிழமை

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். ஞாயிறும் பௌர்ணமியும் ஒன்றாக வந்த நாள். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கி, எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

என் புராஜெக்ட் இதுதான்: நொச்சி இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நானோ துகள்கள் உருவானால் கலவை பழுப்பாகும். எனக்கோ ஒவ்வொரு முறையும் பால்போல வெளுத்துத் திரிந்துபோனது. மற்றவர்கள் ஆய்வேட்டில் பாதியை எழுதியே முடித்துவிட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பழுப்பு நிறம் வராவிட்டால் தலைப்பை மாற்றிக்கொள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மாற்றினால் அந்த வருடம் முடிக்க முடியாது. வீட்டில் யாரிடம் சொல்வது? என்ன படிக்கிறேன் என்பதே அவர்களுக்குச் சரியாகத் தெரியாது.

பௌர்ணமிக்குக் கிரிவல ரோட்டில் பஸ் வராது. காலேஜ் லேப்புக்கு நடந்தே கிளம்பினேன். கிரிவலக் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் போக, நான் மட்டும் எதிரே. ஒரு அம்மா நிறுத்தி, "இன்னா தம்பி, ஊரே இப்படிப் போவுது, நீ எதுக்கால வர்ற?" என்றார். கூட வந்தவர், "மலையை ரிவர்ஸ்ல சுத்துறாரு போல, உடும்மா" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முந்தின நாளிலிருந்து என்னிடம் யாராவது பேசியது அதுதான் முதல் தடவை.

லேப்பைத் திறந்துகொடுத்துவிட்டு வாட்ச்மேனும் கிரிவலம் போய்விட்டார். பர்னர் தீ ஆடாமலிருக்க ஃபேனை நிறுத்தியிருந்தேன். குனிந்தபோது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை, தெளிவாக இருந்த சில்வர் நைட்ரேட்டில் விழுந்தது. விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புகை இறங்கியது. என் கலவையில் வந்த அதே வெள்ளை.

வியர்வையில் இருப்பது உப்பு. அப்படியென்றால் என் இலைச்சாற்றிலும் உப்பு இருக்கிறது. எங்கிருந்து வந்தது? காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம்தானே இருக்கிறது என்று, இலையை மட்டும் கேன் தண்ணீரில் கொதிக்கவைத்துவந்தேன். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால்தான் கேன் தண்ணீர் வாங்குவார்கள். அதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்திலேயே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மிச்சமிருந்த காய்ச்சி வடித்த நீரில் புதிதாக இலை போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஊற்றினேன். மஞ்சள், தேன் நிறம், பிறகு நல்ல பழுப்பு. திரும்பிப் பார்த்தேன். காட்ட ஆள் இல்லை.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். குடுவையைக் காட்டினேன்.

"இன்னாப்பா, டீ மாதிரி ஆயிடுச்சு. கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. இப்பதான் சரியா வந்துருக்குது."

அம்மாவின் கண் குடுவையில் நிற்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் வரிசையாக இருந்த காலி மேசைகளுக்குப் போனது.

"கூட யாரும் இல்லியா?"

"இல்லம்மா."

"சரி, போன வெக்காத. ஓரமா சாச்சி வெச்சுட்டு நீ உன் வேலையப் பாரு. நான் களை எடுக்குறேன்."

சார்ஜ் தீரும்வரை அப்படியே இருந்தோம். களைக்கொத்து மண்ணைக் கொத்தும் சத்தமும், பெண்கள் யாரையோ கிண்டலடிப்பதும் அந்த லேப்பில் கேட்டுக்கொண்டே இருந்தன.

டிகிரி வாங்கிவிட்டேன். இப்போதும் யாராவது தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. போனை வைக்காமல் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும்.